நெட்டையைக் கொன்ற நாவல்

நண்பனுக்கு ஒரு போன் போட மனம் வராமல், அதற்குப் பதிலாக நாவல் எழுத உட்காருகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். ஓய்வுபெற்ற மறுவாரமே முளைத்துவிடுவார்கள். நட்பு, நினைவு, குற்ற உணர்ச்சி. இதற்குக் குறைந்த எதையும் தொடமாட்டார்கள்.

நம் சர்வேயரும் அந்த வர்க்கம்தான். நாற்பது வருஷம் நிலம் அளந்தவர், இப்போது கதை அளக்கிறார். விஷயம் இதுதான்: முன்பொரு நாள் நாற்பத்திரண்டு அடியை இருபத்துநாலு என்று குறித்துக் கொடுத்தார், ஆபீசில் வரைபடம் போடும் நெட்டை, உயிருக்குயிரான சிநேகிதர், அதை நம்பி அப்படியே வரைந்தார், யாருடைய சுவரோ யாருடைய கிணற்றையோ மறித்துக்கொண்டு எழும்பியது, யார் தப்பு என்று மேலதிகாரி கேட்டபோது சர்வேயர் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று. நெட்டைக்கு வேலை போயிற்று. இருபத்திரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

நெட்டை இன்று குடியிருப்பது எவ்வளவு தூரத்தில்? ஆயிரத்து நூற்றுப் பத்து மீட்டர். சர்வேயருக்குத் துல்லியமாகத் தெரியும்.

"ஒரு எட்டு போயி, தப்பு என்மேலதான்னு சொல்லிட்டு வாங்களேன்," என்பாள் மனைவி.

"அவசரப்படாதே. பதினாலாம் அத்தியாயம் இன்னும் கனியல."

பதினாலாம் அத்தியாயத்தில் நெட்டை இறந்துபோகிறார். இறக்காவிட்டால் கதாநாயகன் எப்படிக் குமுறி அழுவது? அழுகைக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கி, படிக்கும்போதெல்லாம் தானே அழுது, மூக்கைத் துடைத்து, கமாவைத் திருத்தி, மறுபடி முதலிலிருந்து அழுதுகொண்டிருந்த மனிதரைப் பார்க்கப் பொறுக்காமல், மனைவியே நெட்டைக்குப் போன் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை வாசலில் நெட்டை. கூன் விழுந்து, கைத்தடியோடு, ஆனால் முழு உயிரோடு.

"கதையில என்னைக் கொன்னுட்டியாமே. தங்கச்சி சொல்லிச்சு. எதுல போனேன்?"

"மாரடைப்புல."

"பரவாயில்ல, இழுத்துக்கிட்டுக் கிடக்கல." நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த இருபத்துநாலு அடி? அதை எழுதினியா?"

சர்வேயர் தொண்டையைச் செருமினார். "எழுதியிருக்கேன். தப்பு பண்ணது ஒரு குமாஸ்தான்னு வெச்சிருக்கேன். கதைக்கு அதான் பொருந்திச்சு."

நெட்டை காகிதக் கட்டைத் தூக்கி, கனம் பார்த்து, கீழே வைத்தார்.

"ஒரே ஒரு வார்த்தைக்குத்தான்டா இத்தனை வருஷம் காத்திருந்தேன். நீ முந்நூறு பக்கம் எழுதியிருக்கே. அதுல அது இல்ல."

அந்த வார்த்தை சர்வேயரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சட்டென்று எழுந்து உள்ளே ஓடினார். பேனா எடுக்க. இப்படி ஒரு வசனத்தை மறப்பதற்குள் குறித்துக்கொள்ள வேண்டாமா?

திரும்பி வந்தபோது நாற்காலி காலி.

வசனம் இப்போது பதினாலாம் அத்தியாயத்தில் இருக்கிறது, சாகும் தறுவாயில் நெட்டை பேசுவதாக. மாரடைப்பு வந்தவர் அவ்வளவு தெளிவாகப் பேசுவாரா என்று கேட்காதீர்கள். சர்வேயர் மறுபடி அழுதுகொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் போனில் ஒருவருக்கு அனுப்பாமல், வருஷக்கணக்காகத் திருத்தித் திருத்தி வைத்திருக்கிறீர்களே ஒரு செய்தி, அது இப்போது எத்தனையாவது அத்தியாயத்தில் நிற்கிறது?