மருந்துக்கடைக்காரர் சொன்ன புத்தகம்

"கிணத்துக்குள்ள ஒரு திருடன் ஒளிஞ்சிருப்பானே, மேல நின்னு ஊரே அவனைத் தேடுமே, அந்தப் புத்தகம் இருக்குங்களா?"

கேட்டவர் ஓய்வு பெற்ற ஆடிட்டர். இத்தனை வருஷமாக நூலகத்துக்கு வந்தும் செய்தித்தாளைத் தவிர வேறெதையும் தொடாதவர்.

"யார் சொன்னாங்க?" என்று முத்திரையம்மா கேட்டாள். பதில் தெரிந்தேதான் கேட்டாள்.

"நம்ம மருந்துக்கடைக்காரர்தான்."

முத்திரையம்மா என்பது அவளுடைய பெயர் அல்ல. அந்தக் கிளை நூலகத்தின் நூலகர் அவள். புத்தகத்தில் அவள் தேதி முத்திரை குத்தினால் மேசை அதிரும் என்பதால் வாசகர்கள் வைத்த பெயர் அது. கொஞ்ச காலமாக அந்த அதிர்வு கூடியிருந்தது.

"அது சும்மா பொழுதுபோக்குக் கதைங்க. உங்க அனுபவத்துக்கு ஏத்த மாதிரி நான் ஒண்ணு தரேன். வரிவிதிப்போட வரலாறு. ரெண்டு பாகம்."

ஆடிட்டர் இரண்டு பாகங்களையும் பார்த்தார். "அதைத்தானேம்மா காலம் பூரா பண்ணிட்டு வந்தேன்" என்றார் பாவமாக. "திருடனையே குடுங்க."

அவள் திருடனை எடுத்துக் கொடுத்தாள். முத்திரை விழுந்த வேகத்தில் பேனா உருண்டு கீழே போனது.

மருந்துக்கடை நூலகத்துக்கு நேர் எதிரில் இருந்தது. அதுதான் பெரிய கொடுமை. அவள் நாற்காலியிலிருந்து பார்த்தால் கல்லாவும் கூட்டமும் அப்படியே தெரியும். மாத்திரைக்குக் காத்திருப்பவர்களிடம் அந்த மனிதர் ஏதோ சொல்வார். அவர்கள் தலையை ஆட்டிக் கேட்பார்கள், சிரிப்பார்கள். பிறகு ஒரு கையில் மருந்துப் பையோடு தெருவைக் கடந்து நேரே அவள் மேசைக்கு வருவார்கள். புதிதாகக் கல்யாணம் ஆன பெண் வந்து, மாமியாரும் மருமகளும் சேர்ந்து வீட்டைவிட்டு ஓடிப்போகும் கதையைக் கேட்டாள். ஆறாம் வகுப்புச் சிறுமி, பேய்க்கே பயம் வரும் பேய்க்கதையைக் கேட்டாள். படித்துவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது அவர்கள் முகம் பளபளவென்று இருக்கும். சரி, அடுத்த புத்தகத்தையாவது தன்னிடம் கேட்பார்கள் என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தால், மறுபடி தெருவைக் கடந்து அங்கேயே போய் நிற்பார்கள்.

"நான் படிச்சது நூலக அறிவியல். அந்த ஆள் படிச்சது இருமல் மருந்து" என்று அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

"ம்" என்றார் அவர்.

அவர் பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தட்டுக்குப் பக்கத்தில் குறுக்கெழுத்துப் புதிரை மடித்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேசுவதற்கு அவர் தரும் பதில் அந்த ஓரெழுத்துதான். அதற்காக அவள் பேச்சை நிறுத்தியதில்லை. அன்றன்றைக்குப் படித்ததையெல்லாம் சாப்பாட்டு மேசையில் கொட்டிவிடுவாள். தட்டில் இருப்பது ஆறுவது தெரியாது. கொலைகாரன் யார் என்று சொல்லும் இடத்தில் கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள். அழுகை வரும் இடத்தில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வாள்.

"உங்ககிட்டப் பேசுறதுக்கு சுவத்துகிட்டப் பேசலாம்" என்று முடிப்பாள்.

"ம்."

மருந்துக்கடைக்காரரை ஒழுங்கான முறையில் ஜெயித்துக் காட்டவேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். நூல் பரிந்துரை என்பது ஒரு துறை. எந்த வயதுக்கு எது என்று கணக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அட்டைகளில் வண்ணத்தில் எழுதி அடுக்குகளில் மாட்டினாள். 'எட்டு வயது வரை', 'சிறுவர்', 'இளைஞர்', 'நடுவயதினர்', 'ஐம்பதைக் கடந்தவர்'.

மறுநாளே 'ஐம்பதைக் கடந்தவர்' அடுக்கின் பக்கம் காற்றுகூட வீசவில்லை. பாட்டு டீச்சர் அங்கே ஒரு புத்தகத்தை ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ வரும் காலடிச் சத்தம் கேட்டதும் 'இளைஞர்' அடுக்குக்குத் தாவிவிட்டாள். ஆடிட்டர் 'எட்டு வயது வரை' அடுக்குக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொப்பியைத் தொலைத்த கரடியின் படக்கதையில் மூழ்கியிருந்தார்.

"சார், அது குழந்தைங்களுக்கு."

"பேரனுக்குப் பாக்குறேன்."

"உங்களுக்குத்தான் பேரன் இல்லையே?"

"வருவான்" என்று சொல்லி அவர் பக்கத்தைப் புரட்டினார்.

ஆறாம் வகுப்புச் சிறுமியோ 'ஐம்பதைக் கடந்தவர்' அடுக்கை விட்டு நகர மறுத்தாள். "கொலை எல்லாம் இதுலதான் ஆன்ட்டி இருக்கு" என்றாள்.

சாயங்காலத்துக்குள் விஷயம் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. மருந்துக்கடைக்காரர் சொன்ன பதிலும் உடனே திரும்பி வந்தது. "வயசைப் பாத்து மாத்திரை குடுக்கலாம். புத்தகம் குடுக்க முடியுமா?" என்றாராம். அதை ஒவ்வொருவராக வந்து அவளிடமே சொல்லிச் சிரித்தார்கள். அவள் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவர் சொன்னது சரி என்பதுதான் அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

அப்படி அந்த ஆள் என்னதான் சொல்கிறார் என்று நேரில் பார்த்துவிடத் துணிந்தாள். நாத்தனாரின் கறுப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, முகக்கவசமும் போட்டுக்கொண்டு, மருந்துக்கடை வரிசையில் போய் நின்றாள்.

அவர் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் நான்கு பேனா. அவள் முறை வந்ததும், "என்னம்மா பண்ணுது?" என்று கனிவாகக் கேட்டார். அந்தக் கனிவு அவளுக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

"தூக்கம் வரலை" என்றாள் குரலை மாற்றிக்கொண்டு. அது ஓரளவு உண்மையும்கூட.

"மாத்திரையெல்லாம் வேண்டாம்மா. ஒரு புத்தகம் சொல்றேன். கலங்கரை விளக்கத்துல தனியா இருக்கிற ஒரு பொம்பளையோட கதை. அதுல ஒண்ணுமே நடக்காது. மழை பெய்யும், அவ விளக்கைத் துடைப்பா. மழை விடும், திரும்பவும் துடைப்பா. பத்துப் பக்கம் படிச்சீங்கன்னா மனசு கழுவிவிட்ட தரை மாதிரி ஆயிடும்."

கறுப்புக் கண்ணாடிக்குள் அவள் கண் கலங்கியது. உலகத்தில் அவளுக்கு மிகப் பிடித்த புத்தகம் அது. யாரிடமும் கொடுக்க மனமில்லாமல் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். மனசு கழுவிவிட்ட தரை மாதிரி ஆகும் என்பதுதான் அவளுக்கும் தோன்றியது, அட்சரம் பிசகாமல். தன்னைப்போலவே படிக்கிற இன்னொரு மனம் எதிர்க்கடையில், அதுவும் இருமல் மருந்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"அது லைப்ரரில இருக்குமா?"

"இருக்கு. அந்தம்மா மேசைக்கடியில ஒளிச்சு வெச்சிருக்காங்களாம். நான் சொன்னேன்னு கேளுங்க, குடுப்பாங்க."

அவள் திரும்பி வந்த வேகத்தில் முகக்கவசத்தைக் கழற்றக்கூட மறந்து, நேரே புத்தகம் அடுக்கும் உதவியாளரிடம் போனாள்.

"என் மேசைக்கடியில என்ன இருக்குன்னு வெளியில சொன்னது நீங்கதானே?"

உதவியாளர் முதலில் திடுக்கிட்டு யார் நீங்க என்று கேட்டாள். முகம் தெரிந்ததும் அழுதாள். அப்புறம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து புத்தகம் அடுக்குவதும் முத்திரையம்மாவின் தலையில் விழுந்தது. அதே நாளில் பாட்டு டீச்சர் வந்து, "மேசைக்கடியில இருக்கிற அந்த விளக்குப் புத்தகம்" என்று இழுத்தாள். வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகு மேசைக்கடியில் காலியான இடத்தைத் துணியால் துடைத்தாள்.

அன்று சாப்பிடும்போது நடந்ததையெல்லாம் ஒப்பித்துவிட்டு, "இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?" என்று கேட்டாள்.

வீட்டுக்காரர் புதிரிலிருந்து தலையைத் தூக்கினார். "நல்ல மனுஷன்தான் அவரு" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து முழுசாக ஒரு வாக்கியம் வந்திருக்கிறது, அதுவும் அந்த ஆளைப் பற்றி. அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"இனிமே அந்தக் கடைப் பக்கம் நீங்க போகக் கூடாது."

"பிரஷர் மாத்திரை?"

"பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு கடை இருக்கு. அங்க வாங்குங்க. நடந்தா பிரஷருக்கும் நல்லது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு "ம்" என்றார்.

அடுத்த வாரம் ஒரு அதிசயம் நடந்தது. மருந்துப் பையோடு தெருவைக் கடப்பவர்கள் குறைந்தார்கள். பிறகு நின்றே போனார்கள். எதிர்க்கடைக்காரரின் சரக்கு தீர்ந்துவிட்டது என்று முத்திரையம்மாவுக்குப் புரிந்தது. தலையைச் சீவி, நல்ல புடவை கட்டி, எதிரில் இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. புதுப்பெண் வரவில்லை, சிறுமியும் வரவில்லை. ஆடிட்டர் மட்டும் வந்தார். அவரும் பழையபடி செய்தித்தாளை விரித்தார்.

"ஏதாவது எடுக்கலையா சார்?"

"அவர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரும்மா. கேட்டா, 'வரட்டும், வரட்டும்'ங்கிறாரு. தெருவையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

ஆடிட்டர் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். "வேண்டாம்மா. இன்னும் விளம்பரம் எல்லாம் பாக்கி இருக்கு."

வெறிச்சோடிய அந்தக் கூடத்துக்குள்தான் மேலதிகாரி வந்து நின்றார். முன்னறிவிப்பு இல்லை. சுற்றிலும் பார்த்தார்.

"உங்க கிளையைப் பத்தித்தான் மேல எல்லாரும் பேசுறாங்கன்னு பாக்க வந்தேன். ஒரு மருந்துக்கடைக்காரர் ஊரையே படிக்க வெச்சாராமே? என்னாச்சு, காத்தாடுது?"

அவள் எதிரில் போட்டிருந்த நாற்காலிகளை ஓரமாக நகர்த்தினாள்.

"ஆள் வராத கிளைகளைப் பக்கத்துக் கிளையோட சேக்கப் போறாங்க. இது மூடக்கூடாதுன்னா ஒரு வழிதான் இருக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை அவரை இங்க உக்கார வைங்க. வர்றவங்களுக்கு அவர் புத்தகம் சொல்லட்டும்."

"எங்க சார் உக்கார வெக்கிறது?"

"உங்க நாற்காலியிலதான்."

"அப்ப நான்?"

"நீங்க பக்கத்துல நின்னு முத்திரை குத்துங்க. இன்னிக்கே போய்க் கூப்பிட்டுருங்க."

தெருவைக் கடக்க அவளுக்குக் கால் வரவில்லை. பாதி வழியில் நின்று திரும்பி, வாசலில் பெயர்ப்பலகை தொங்கும் தன் நூலகத்தைப் பார்த்தாள். பொறாமை நெஞ்சில் ஒரு பக்கம் எரிந்தது. மறுபக்கம், பூட்டிக்கிடக்கும் கதவை நினைத்துப் பார்த்தாள். பூட்டிய கதவுதான் கனமாக இருந்தது. போனாள்.

கல்லாவில் மருந்துக்கடைக்காரர் இல்லை. அவர் மனைவி மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா, லைப்ரரி அக்காதானே? அவரு சரக்கு எடுக்கப் போயிருக்காரு. இப்படி ஸ்டூல்ல உக்காருங்க."

உட்கார்ந்தால் மனம் மாறிவிடும் என்று பயந்து நின்றுகொண்டே சொன்னாள். நாக்கு ஒவ்வொரு சொல்லையும் தள்ளித்தான் வெளியே விட்டது. "உங்க வீட்டுக்காரர் ரொம்பப் படிச்சவரு. எங்களை மாதிரி பரீட்சை எழுதினவங்களுக்கும் அவரோட ரசனை வராது. நான் அவரைப் பத்தித் தப்பாப் பேசியிருக்கேன். மனசுல வெச்சுக்காம, சனிக்கிழமை என் நாற்காலியில வந்து உக்காந்து, வர்றவங்களுக்குப் புத்தகம் சொல்லணும்."

அந்தப் பெண் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுக்காரரா? மாத்திரை அட்டைக்குப் பின்னால இருக்கிற எழுத்தைத் தவிர அவரு எதையும் படிச்சு நான் பாத்ததில்லையேக்கா."

"அப்ப இத்தனை நாளா சொன்ன புத்தகமெல்லாம்?"

"அது உங்க வீட்டுக்காரர் தினம் லைப்ரரி திறக்கிறதுக்கு முன்னாடியே இந்த ஸ்டூல்ல வந்து உக்காந்து, 'நேத்து சாப்பிடும்போது எங்க வீட்ல சொன்னா'ன்னு கையைக் காலை ஆட்டி விடாம சொல்வாரே, அதுதான், ஆனா எழுந்து போகும்போது மட்டும் மறக்காம, 'அவ சொன்னதுன்னு தெரிஞ்சா ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க, நீங்க சொன்னதாவே இருக்கட்டும்'னு சொல்லிட்டுப் போவாருக்கா."