கல்வாசலுக்கு ஒரு வெள்ளோட்டம்

கிளிவெட்டி,
ஆவணி மாதம்.

அன்புள்ள மச்சான் சிவகுருநாதனுக்கு, செல்லத்தம்பி எழுதிக்கொள்வது. நானும் உமது அக்கா கனகம்மாவும் சுகம். ரொறன்ரோவில் நீரும் குடும்பமும் சுகமாயிருக்க வெருகல் முருகன் துணை நிற்பார். வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர். அதனால்தான் கடிதம்.

போனமுறை கதைக்கும்போது, "வந்து பாக்க அங்க புதுசா என்ன அத்தான் இருக்கு?" என்று கேட்டீர். வருடக்கணக்காக உம்மைக் காணாத அக்கா பக்கத்தில்தான் நின்றாள். அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. உம்மை இழுத்துவர ஏதாவது வேண்டுமே என்று யோசித்தபோது கல்வாசல் நினைவுக்கு வந்தது. மூதூருக்கு அப்பால் கடலுக்குள் நிற்கிறதே, இரண்டு பாறையும் அதன்மேல் படுத்த ஒரு பாறையும். கடல் நன்றாக வற்றினால் அதன் கீழால் நடந்து போகலாம். நீர் வந்து ஏமாறக்கூடாது என்று நாங்களே முதலில் ஒரு வெள்ளோட்டம் போனோம்.

ஆடி அமாவாசையை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும் என்று போனில் பார்த்துச் சொன்னேன். "அப்பாவுக்கு விரதம் பிடிச்சுப் படைக்கிற நாளில கல்லுப் பாக்கப் போறதோ?" என்று கேட்டாள் உமது அக்கா. சரி, மறுநாள் போவோம் என்றால், புறப்படவேண்டிய நேரத்தில் ராகு காலம் வந்து குந்திக்கொண்டது. கடலுக்கு ராகு காலம் தெரியாதப்பா என்றேன், எனக்குத் தெரியும் என்றாள். பிறகு அவளே வழியும் சொன்னாள். விடிய நல்ல நேரத்தில் பயணப் பையைக் கொண்டுபோய் அயல்வீட்டில் வைத்துவிட்டால் அப்போதே புறப்பட்டதாகக் கணக்காம், பிறகு எந்த நேரத்திலும் பையை எடுத்துக்கொண்டு போகலாமாம். அப்படியே கட்டுச்சோறு, தண்ணீர்ப் போத்தல், அவளுடைய முழங்கால் பட்டி எல்லாவற்றையும் பையில் போட்டு மதிவதனா ரீச்சர் வீட்டில் வைத்துவிட்டு வந்தோம். ஓட்டோ வந்ததும் பையை எடுக்கப் போனால் ரீச்சர் கதவைப் பூட்டிக்கொண்டு வெருகல் கோயிலுக்குப் போய்விட்டார். யன்னலால் பார்த்தேன், எங்கள் பயணம் உள்ளே கதிரையில் சௌகரியமாக இருந்தது.

பையை விட்டுவிட்டுப் போவோம் என்றேன். "புறப்பட்டது பை. நாங்கள் இன்னும் வீட்டிலதான் நிக்கிறம். அது இல்லாமப் போனா ராகு காலத்தில போனதாத்தான் கணக்கு" என்றாள். ஓட்டோக்காரர் இஹ்ஸான் எஞ்சினை நிறுத்திவிட்டு, "ஐயா, நீங்க வாறீங்களா, பேக் மட்டும் வருதா?" என்று கேட்டார். கோயிலில் ரீச்சர் போனை எடுத்து, "பின்கதவு சும்மா சாத்தித்தானே கிடக்கு" என்று சொல்வதற்குள் கடல் வற்றி முடிந்து திரும்பவும் ஏறத் தொடங்கியிருக்கும்.

ஆனால் மச்சான், ஒருவழியாகப் பையோடு போய்ச் சேர்ந்து அந்தக் கல்லைக் கண்டதும் நேரம் போனதையே மறந்துவிட்டேன். தூரத்தில் சாதாரணமாகத்தான் தெரியும். கிட்டப் போனால் எங்கள் நெற்களஞ்சியத்தை அப்படியே உள்ளே தள்ளி வைக்கலாம். யார் தூக்கி வைத்தது, எப்படி விழாமல் நிற்கிறது என்று கேட்கவும் தோன்றாது. அடியில் பச்சைப் பாசி, சிப்பி, பக்கவாட்டில் ஓடும் நண்டு, வாசலுக்குள்ளால் தெரியும் நீலம். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது, திரும்புவோம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, படி ஏறவே ஏலாது என்கிற உமது அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்லைப் பிடித்துப் பிடித்து உள்ளே போய்விட்டாள். நடுவாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். பிறகு "தம்பீ!" என்று கூப்பிட்டாள். கல் முழுவதும் தம்பீ, தம்பீ என்று திருப்பிச் சொன்னது. கரையில் நின்ற இஹ்ஸான் காற்சட்டையோடு ஓடிவந்து, "என்னம்மா, விழுந்திட்டீங்களா?" என்றார். "உன்னையில்லை மோனை, கனடாவில இருக்கிறவனை" என்றாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். உப்புத் தண்ணீர் தெறித்தது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே, வருகிற வருடம் ஆடி அமாவாசைக்கு முதல்நாள் இங்கே இறங்கும்படி விமானச் சீட்டை எடும். மறுநாள் விரதம், அதற்கு அடுத்தநாள் கல். ராகு காலத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கவேண்டாம். பையை ரீச்சர் வீட்டில் வைக்கும் பொறுப்பு என்னுடையது, இம்முறை பின்கதவு வழியாக.

மனைவிக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். நோய்நொடி அண்டாமல் எல்லோரும் நன்றாயிருங்கள்.

உமது அத்தான்,
செல்லத்தம்பி.

பி.கு.: கடிதத்தைக் கனகம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கல்லைப் பாக்கவோ அவனைக் கூப்பிடுறியள்?" என்று கேட்டாள். மேலே எழுதிய அமாவாசை, கடல் வற்றும் நேரம் எல்லாவற்றையும் வெட்டிவிடும். கடல் ஏறினாலும் வற்றினாலும் வரலாமாம், ராகு காலத்தில் இறங்கினாலும் குற்றமில்லையாம். நீர் வீட்டில் உடுத்துவிட்டு இங்கேயே விட்டுப்போன நீலச் சாரம் அலுமாரியில் இருந்தது. இன்று விடிய நல்ல நேரம் பார்த்து அதை ஒரு பையில் போட்டு ரீச்சர் வீட்டுக் கதிரையில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஆகவே மச்சான், நீர் புறப்பட்டாயிற்று. இனி வந்து சேரும்.