நெடுங்குன்றத்து வாசல்மணி

எந்த வரைபடத்திலும் இடம் பிடிக்காத நெடுங்குன்ற நாட்டில், அறிவை அளக்க ஒரு வெண்கல மணி இருந்தது. அதை அரசவை வாசலில் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே நுழையும்போது யார் தலை மணியில் இடிக்கிறதோ அவர் பேசலாம். அவர் பேசி முடிக்கும்வரை அவையில் மற்றவர் வாய் திறக்கக்கூடாது. இடிக்காதவர் வீட்டுக்குப் போகலாம். தலையை இடித்துக்கொள்வதே அறிவின் அடையாளம் என்று அந்நாட்டு அறிஞர்கள் மனமார நம்பினார்கள்.

அங்கே ஒரு வருடம் நீலக்காய்ச்சல் வந்தது. பிள்ளைகளைக் காப்பது என்று அவை கூடி முடிவெடுத்தது. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டு, மலையுச்சியிலிருந்து கொம்பு ஊதிப் பாடம் நடத்தச் சொன்னார்கள். அடிவாரத்துப் பிள்ளைகள் கணக்கில் புலியானார்கள். ஆற்றுக்கு அக்கரைப் பிள்ளைகளுக்குக் காற்று வீசும் நாளில் மட்டும் படிப்பு வந்தது. பிறகு தெருவில் விளையாடத் தடை வந்தது. மன்னரின் பிறந்தநாள் தேரோட்டத்துக்குத் தடையில்லை. நோய்க்கும் ராஜவிசுவாசம் உண்டல்லவா? எட்டிப் பார்க்கும் பிள்ளை முகங்களைக் கண்டு காவலர்களின் மனம் இளகுவதாகப் புகார் வரவே, கடைசியில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளின் ஜன்னல்களை ஆணியடித்து மூடினார்கள்.

அன்றோடு அக்கரைத் தெரு செவ்வந்தியின் தங்கை அல்லி பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆறு வயது. தூக்கத்தில்கூட வாயாடிய பிள்ளை. இப்போது பசிக்கிறதா என்று கேட்டால் சுவரைப் பார்த்தாள். இவள் குரலை இனிக் கேட்கவே முடியாதோ என்று செவ்வந்தி பயந்தாள். காவலர்கள் தேர் வடம் பிடிக்கப் போயிருந்த ஒரு காலையில், தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு அரசவைக்கு நடந்தாள்.

மணி அவள் உச்சந்தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கியது.

“என்னம்மா வேணும்?” என்றார் இளையோர் நல அமைச்சர் ஆனைமுத்துராயர். எண்பதைத் தாண்டியவர்.

“பிள்ளைங்க படற கஷ்டத்தச் சொல்லணும் ஐயா.”

“அதுக்குத்தானே நான் இருக்கேன். நானும் ஒரு காலத்துல பிள்ளையா இருந்தவன்தான்.”

“அப்ப இந்தக் காய்ச்சல் இல்லியே ஐயா?”

“இல்லாததாலதான் என்னால நிதானமா யோசிக்க முடியுது. போய் வளந்துட்டு வா.”

செவ்வந்தி மணியை அண்ணாந்து பார்த்தாள். சட்டம் தலையைப் பற்றித்தான் பேசியது. காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அல்லியைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

அடடா, அந்த ஓசையை என்னவென்று சொல்வது! குன்றுகள் அதை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி அக்கரைவரை கொண்டுபோயின. அமைச்சர்கள் தம்மை அறியாமல் எழுந்து நின்றார்கள். அத்தனை பெரிய மண்டபமும் ஒரு சின்னப் பிள்ளையின் வாயைப் பார்த்தபடி மூச்சடக்கிக் காத்திருந்தது. அல்லி தூண்களைப் பார்த்தாள். தரையில் விழுந்த வெயிலைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

“அக்கா, இங்க மட்டும் ஜன்னல் எல்லாம் தொறந்திருக்கு!”

செவ்வந்தி அழுதேவிட்டாள்.

அவை ஆடிப்போனது. குற்றச்சாட்டு நியாயமானது என்று ஒருமனதாக ஏற்று, பாரபட்சத்தை ஒழிக்க உடனடி ஆணை பிறப்பித்தது: அரசவை ஜன்னல்களும் மூடப்படும். ஆணியடித்து முடிப்பதற்குள், மணியோசை கேட்ட அண்ணன்மாரும் அக்காமாரும் சின்னதுகளைத் தோளில் சுமந்து வந்து வாசலை அடைத்து நின்றார்கள். மிச்ச வெளிச்சமும் போயிற்று. மணி விடாமல் அடித்தது. எது குட்டை, எது நெட்டை, எந்தத் தலை நரைத்தது என்று எவருக்கும் தெரியவில்லை. குரல்கள் மட்டும் வந்தன. பள்ளியைப் பற்றி, பயத்தைப் பற்றி, காய்ச்சலில் இறந்துபோய், வழியனுப்பக்கூடக் காவலர்கள் விடாத அப்பாவைப் பற்றி. சட்டம் வாயைக் கட்டிவிட்டதால் அமைச்சர்கள் வாழ்நாளில் முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்குள் ஆனைமுத்துராயர் இருட்டைப் பார்த்துத் தவிப்போடு கேட்டார்:

“இன்னும் எத்தன பேருப்பா இருக்கீங்க?”

“எல்லாரும் இப்பத்தான் வந்துக்கிட்டிருக்காங்க தாத்தா” என்றாள் அல்லி.