தலைக்கு மேல் ஒரு சைக்கிள்

கெடுங்சாரி, ஜாவா, 1912

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களின் பாதங்களுக்குத் தம்பி சஸ்த்ரோவிஜோயோ இரு கை கூப்பி எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம், என் இடுப்பைத் தவிர. அண்ணியின் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என் மகள் குஸ்வர்தானியை வாத்தியார் ஹர்ஜோனோவுக்குக் கொடுக்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. நான் வட்டாரத் தலைவன். தெருவில் நான் வந்தால், என் தலைக்கு மேல் எவன் தலையும் தெரியாதபடி எல்லாரும் குந்திவிடுவது வழக்கம். போன சந்தையன்று இந்த மகானுபாவர் புது சைக்கிளில் என் தலைக்கு ஒரு சாண் மேலே மிதந்து வருகிறார். இறங்குவார் என்று நான் நடுத்தெருவில் கம்பீரமாக நிற்கிறேன். இறங்கவில்லை. ஆனால் மரியாதை தெரிந்த பிள்ளை பாருங்கள், இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டபடியே வந்து என் மேல் ஏறினார். இருவரும் வாத்துக் குட்டையில். அங்கேயும் சேற்றில் குந்திக்கொண்டு, "ஐயா, இறங்கத்தான் நெனச்சேன். ஏறுற வரைக்கும்தான் கத்துக்கிட்டிருக்கேன்" என்கிறான். சந்தை மொத்தமும் மரியாதையாகக் குந்தியபடியே சிரித்தது.

அதோடு விட்டதா? உங்களுக்கு அனுப்பக் குடும்பப் படம் எடுக்க வேண்டுமென்று குஸ்வர்தானி ஒற்றைக்காலில் நின்றாள். சீனர் டானின் படக்கடைக்குப் போனால் அங்கேயும் அதே சைக்கிள், அதே வாத்தியார். ஓட்டத் தெரியாதவனெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறானாம், காலம் அப்படி. டான் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, குடும்பத்தைப் பின்னால் நிற்கவைத்தார். எல்லார் தலையும் எனக்கு மேலே! அவர்களைத் தரையில் உட்காரச் சொன்னால், படப்பெட்டியில் வெறும் கொண்டைதான் விழும் என்கிறார். நானும் நிற்கலாம்தான். என் மனைவி என்னைவிட உயரம் என்பது ஊருக்குத் தெரியும். படத்துக்கும் தெரிய வேண்டுமா?

"அப்பா, உங்க தலை எல்லாருக்கும் மேல இருக்கணும், அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு மகள் வாத்தியாரைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாம், இதுவே என் கடைசி வார்த்தை. பிள்ளைகளுக்கு என் ஆசி, அண்ணிக்கு என் வணக்கம்.

தங்கள் தம்பி,
சஸ்த்ரோவிஜோயோ

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் மறுபடி கடைக்கு இழுத்துப் போய்விட்டார்கள். படம் இத்துடன் இருக்கிறது. சைக்கிள் மேல் வீற்றிருப்பவன் நான். எல்லார் தலையும் எனக்குக் கீழே. கூர்ந்து பார்த்தால் இருக்கையை இரண்டு கைகள் பிடித்திருப்பது தெரியும். அவை ஹர்ஜோனோவின் கைகள். படம் எடுத்து முடித்ததும், நான் சைக்கிளிலிருந்து இறங்கும் முன்பே, குஸ்வர்தானி என் பக்கத்தில் வந்து மெதுவாக, "கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லுங்கப்பா. இல்லேன்னா அவரைக் கையை எடுக்கச் சொல்லிடறேன்" என்றாள். கல்யாணம் அடுத்த மாதம். அண்ணியோடு வந்துவிடுங்கள்.