மைனருக்குக் கருவாடு போட்டது யார்?

அந்த மாதம் தோட்ட வேலை போக எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. பூனைக்குக் கருவாடு கொடுக்காமல் இருப்பது.

கொடுப்பதில்தான் சிரமம் உண்டு, கொடுக்காமல் இருப்பதில் என்ன சிரமம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

பெல்மதுளையிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டம். அங்கே நான் கணக்கப்பிள்ளை. காலையில் ஆட்களோடு மலையேறுவது, சனிக்கிழமைகளில் ஸ்டோரில் நின்று ஆட்களுக்கு அரிசியும் கருவாடும் போடுவது, மாலையில் சாய்வு நாற்காலியில் விழுந்து புத்தகம் படிப்பது. இவை மூன்றும் என் தொழில்கள். மூன்றாவதை மட்டும் நான் ஒழுங்காகச் செய்வதாக என் மனைவி செல்லம்மா சொல்வாள்.

மைனர் எங்கள் பூனை. கடுவன். அரிசி ஸ்டோரில் எலி பிடிப்பதற்காக வளர்த்தோம். எலி வந்தால் எழுந்து வழி விடும். அந்தப் பெருந்தன்மையைப் பார்த்துத்தான் மைனர் என்று பேர் வைத்தேன்.

மைனருக்கு மூத்திரக் கோளாறு. சாம்பல் குவியலில் போய்க் குந்தும். முக்கும். ஒன்றும் வராது. உடனே திரும்பி என்னைப் பார்த்துக் கத்தும். நான்தான் அடைத்து வைத்திருப்பது போல!

இரண்டாவது தடவை அப்படி ஆனபோது, ஒரு சாக்கில் சுற்றித் தோட்டத்து மருந்துச்சாலைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் நீண்ட வரிசை. டிஸ்பென்சர் ஐயா என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது மனுஷங்க ஆஸ்பத்திரி, கணக்கப்பிள்ளை."

"தெரியுங்க. ஆனா இதுவும் நம்ம ஸ்டோர்ல வேலை பாக்குறதுதானே?"

வரிசையில் இருமிக்கொண்டிருந்த பேச்சி இருமலை நிறுத்தினாள். எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள லயத்து வரிசை வீடுகளில் இருப்பவள்.

"என்ன வேலைங்க? எலிய எண்ணிக்கிட்டுப் படுத்திருக்குமே, அதுங்களா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. காய்ச்சல்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

டிஸ்பென்சர் ஐயா நல்லவர். வெந்நீரில் துணியை நனைத்து வயிற்றில் ஒத்தடம் கொடுத்தார். மெல்லத் தடவினார். கொஞ்ச நேரத்தில் மைனர் அவருடைய வெள்ளைக் கோட்டிலேயே நன்றி தெரிவித்தது.

அவர் கோபப்படவில்லை. கோட்டில் பட்ட ஈரத்தை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"இதப் பாருங்க. மணல் மாதிரி நறநறங்குது. உப்பும் முள்ளுமா கருவாட்டத் தின்னுட்டு, தண்ணி குடிக்காம கெடந்தா இப்படித்தான். இதுக்கு மருந்து சாப்பாட்டுலதான் இருக்கு. கருவாட்டக் கண்ணுலயே காட்டாதீங்க. ஆத்து மீனை உப்பில்லாம வேகவச்சு, முள்ளெடுத்து, வெந்த தண்ணியோட பெசஞ்சு வைங்க. தண்ணி நல்லா உள்ள போகணும்."

"சரிங்க."

"அடுத்த தடவ அடைச்சா இங்க தூக்கிக்கிட்டு வராதீங்க. மம்பட்டியத் தூக்கிக்கிட்டு வாழைத்தோட்டத்துப் பக்கம் போங்க."

தோட்டத்தில் நூறு மம்பட்டி இருக்கிறது. அன்றைக்குத்தான் ஒரு மம்பட்டியை நினைத்து மைனரைச் சாக்கோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டேன்.

மறுநாளே பத்தியம் தொடங்கியது. கீழ்க் கிராமத்துக் கிரிபண்டா ஆற்று மீன் கொண்டுவந்தார். "பூசாட்டத மாத்தயோ?" என்றார். சிங்களத்தில் பூனைக்கா ஐயா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். நம்பாமல் இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார்.

செல்லம்மா மீனை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இந்த மீனெல்லாம் எங்கங்க போச்சு?"

"அப்போ ஆத்துல வெள்ளம்."

அப்படி ஒரு வெள்ளம் வந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. எனக்கும் இல்லை.

வைத்தியம் என்றால் குறிப்பு வேண்டும் என்று படித்திருக்கிறேன். ஆகவே மைனருக்கும் ஒரு செக்ரோல் பதிவேடு போட்டேன். ஆட்களுக்கு முழு வேலை செய்தால் ஒரு பேர், பாதி செய்தால் அரைப்பேர் என்று போடுகிறோம் அல்லவா? அதே முறைதான். மைனர் தாராளமாகப் போனால் ஒரு பேர். சொட்டினால் அரைப்பேர்.

முதல் மூன்று வாரம் வரிசையாக முழுப்பேர்! நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். டிஸ்பென்சர் ஐயாவை வழியில் பார்த்தபோது, பிராணிகளின் பத்தியம் பற்றி அவருக்கே கொஞ்சம் விளக்கினேன்.

பிறகு மழை பிடித்தது.

மலையெல்லாம் அட்டை. நான் முழங்கால் வரை எண்ணெயும் உப்புமாகப் பூசிக்கொண்டு போய் வந்தேன். அந்த வாரம் மைனருக்கு இரண்டு அரைப்பேர். அடுத்த வாரம் ஐந்து!

யாரோ திருட்டுத்தனமாகக் கருவாடு போடுகிறார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் செல்லம்மாவை விசாரித்தேன்.

"ஏங்க, இந்த வீட்டுல கருவாடு வாங்கியே ஒரு மாசமாச்சு. ஆனாலும் வீடு பூரா கருவாட்டு நாத்தம். ஸ்டோர்லேருந்து நீங்கதான் கொண்டாறீங்க. வந்ததும் கால் கையக் கழுவிட்டு உக்காருங்கன்னா கேக்குறதில்ல."

"உடம்பு சூட்டோட பச்சைத்தண்ணி பட்டா ஜலதோஷம் புடிக்கும். புஸ்தகத்துல இருக்கு."

"அந்தப் புஸ்தகத்தையும் கழுவுங்க."

மறுநாள் விடியற்காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடியதும் கையை உயர்த்திப் பேசினேன். "ஸ்டோர்ப் பூனைக்கு யாரும் கருவாடு போடக் கூடாது! மீறிப் போடுறது யாருன்னு கண்டுபிடிச்சா, அன்னைக்கு அவங்களுக்கு அரைப்பேர்தான்!"

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஐயா, பூனைக்கு ஆத்து மீனு, எங்களுக்குக் கருவாடு. பூனை வேலைக்கு ஆள் எடுத்தா சொல்லுங்க!"

என் பேச்சின் கம்பீரம் அதோடு போயிற்று.

ஒரே ஆறுதல் மைனர்தான். உடம்பு மோசமாக ஆக, அதற்கு என்மேல் பாசம் கூடிக்கொண்டே போயிற்று. மாலையில் புத்தகத்தோடு நாற்காலியில் சாய்ந்தால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். நோய்ப்பட்ட பிராணிகள் நன்றியில் மனிதரை மிஞ்சும் என்று எங்கோ படித்திருந்தேன். கண் கலங்கினேன். காலை நன்றாக நீட்டிக் கொடுத்தேன்.

ஒரு நாள் காலை இரண்டே சொட்டு. அரைப்பேர்கூடப் போட மனம் வரவில்லை. பென்சில் கையில் நின்றது. மம்பட்டி கண்முன் வந்தது. மாலையில் வீட்டுக்கு வந்து பார்க்கும்படி டிஸ்பென்சர் ஐயாவுக்குச் சொல்லி அனுப்பினேன். பேச்சியையும் வரச் சொன்னேன். அவள் வீட்டில்தான் கருவாட்டு வாசனை தூக்கலாக இருந்தது.

டிஸ்பென்சர் ஐயா ஒத்தடம் கொடுத்தார். ஒருவழியாகக் கொஞ்சம் போயிற்று. "இன்னும் முழுசா அடைக்கல. ஆனா எங்கேருந்தோ உப்பு உள்ள போகுது. அத நிறுத்தாட்டி பொழைக்காது" என்றார்.

நான் வாசல் பக்கத்து இஸ்தோப்பில் என் நாற்காலியில் அமர்ந்தேன். மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். கால்களை நீட்டிக்கொண்டு விசாரணையைத் தொடங்கினேன்.

"இந்த வாயில்லாத ஜீவனுக்கு யாரோ ரகசியமா எமனை ஊட்டுறாங்க! அந்தக் கல்நெஞ்சம் யாரு? உண்மை வரணும்!"

பேச்சி இடுப்பில் கை வைத்தாள். "ஐயா, எங்க வீட்டுல ஏழு பேருக்கு ஏழு துண்டு. ஒண்ணு கொறஞ்சா எம் புருஷன் என்னைய வறுத்துடுவான். பூனைக்கு யாரு போடுறது?"

"அப்படின்னா பூனைக்குத் தானா வந்துச்சா?"

டிஸ்பென்சர் ஐயா, பேச்சி, செல்லம்மா மூவரும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சர்... சர்... என்று சத்தம் கேட்டது. மைனர் என் கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மேலிருந்து கீழாக நக்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க பண்ணுது அது?" என்றாள் செல்லம்மா.

"பாசம்" என்றேன்.

பேச்சி குனிந்து என் காலை முகர்ந்தாள். "ஐயா, இந்தப் பாசம் கட்டாக் கருவாடு மாதிரில்ல மணக்குது!"

டிஸ்பென்சர் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அட்டைக்கு எந்த உப்புத் தடவுறீங்க, கணக்கப்பிள்ளை?"

"அது... ஸ்டோர்ல கருவாட்டுச் சாக்குக்கு அடியில கொட்டிக் கெடக்குமே... வீணாப் போகுதேன்னு..."

"எதுல கொழைச்சு?"

"தேங்கா எண்ணெயில."

அவர் தலையை ஆட்டினார். "கருவாட்டு உப்பு, முள்ளுத்தூள், தேங்கா எண்ணெய். பச்சமொளகா மட்டும்தான் பாக்கி."

செல்லம்மா திரும்பினாள். உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரும் சவுக்காரமும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் வரிசை வழக்கத்துக்கு மேல் நேராக நின்றது. எல்லார் முகத்திலும் சிரிப்பு பொங்கிக்கொண்டிருந்தது. பேச்சிதான் ஆரம்பித்தாள்.

"ஐயா, கருவாடு போட்ட ஆளு ஆப்புட்டுட்டாராமே? அரைப்பேர் போட்டாச்சுங்களா?"

போட்டேன். சொன்னால் சொன்னதுதான். அன்றைய பக்கத்தின் ஓரத்தில் என் பேரை எழுதி அரை என்று குறித்தேன். அதைப் பேச்சிக்குக் காட்டவும் செய்தேன். எழுத்துத் தெரியாதவள், ஆனாலும் எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கொறைக்கலாங்க" என்றாள்.

இப்போது அட்டைக்குக் கடை உப்பு. பீலித் தண்ணீரில் சவுக்காரம் போட்டுத் தேய்த்த பிறகே வீட்டுப் படி ஏறுகிறேன். மைனர் தினமும் முழுப்பேர் வாங்குகிறது.

முதல் நாள் கழுவிய காலை ஆசையாக நீட்டினேன். மைனர் ஒரு தடவை முகர்ந்து பார்த்தது. அதற்குப் பிறகு இன்றுவரை என் பக்கம் வரவில்லை.