குப்பையைத் திருப்பி அனுப்பிய விவரம்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, தம்பி வணங்கி எழுதுவது.

வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நலம் விசாரிப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் போன கடிதம் கிடைத்ததிலிருந்து நீ சரியாகத் தூங்கியிருக்க மாட்டாய். அத்தான் எங்களுக்காகப் பார்த்துவைத்த ஒற்றை அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். மற்றபடி இங்கே இருவரும் சுகம். அங்கே உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் தபால் நிலையத்தில் கடிதங்களை நாடு வாரியாகப் பிரித்துப் போட்டவன் நான், உலகமே என் கை வழியாகத்தான் போய் வந்தது, ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியுமா, கைப்பேசியில் உலகக் குடிமக்கள் சங்கம் ஒன்றில் சேர்ந்துவிட்டேன். ஞாயிறுதோறும் ஒன்பது நாட்டுக்காரர்கள் முகம் பார்த்துப் பேசுவோம். உருகுகிற பனிமலைக்காக ஒரு நாள் அழுதேவிட்டேன். உன் தம்பி பெண்டாட்டி, "பனிமலை இருக்கட்டும், நம்ம கட்டடத்துக் குப்பைத்தொட்டி நாறுதே, அதைப் பார்த்தீங்களா?" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலை கையுறை மாட்டிக்கொண்டு தொட்டியைக் கவிழ்த்தேன். மக்கும் குப்பையில் பிளாஸ்டிக், காகிதத்துக்குள் உடைந்த கண்ணாடி. பழக்கதோஷம், பார்சல் உறை, மருந்துச் சீட்டு என்று முகவரி தேடி, கதவு எண் வாரியாக அடுக்கி, 'தவறான பெட்டியில் இடப்பட்டது, அனுப்பியவருக்கே திரும்புகிறது' என்று சீட்டு ஒட்டி, பதினான்கு வாசலிலும் பட்டுவாடா செய்துவிட்டேன். வீட்டுக்காரருக்கு மட்டும் மூன்று பை.

அன்று மாலையே அவர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "பெரியவரே, என் குப்பையை என் வாசல்லயே கொண்டாந்து வெக்கிறீங்களா? ரெண்டு வாரத்துல கூட்டம் போடறேன். எல்லாரும் போகச் சொன்னா பெட்டி படுக்கையைக் கட்டிக்குங்க!" குப்பைத்தொட்டிப் பக்கமே நான் பிறகு தலை காட்டவில்லை. உனக்குப் புலம்பி எழுதியதோடு சரி.

நேற்று வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம். பதினான்கு வீடும் என்னை முறைத்தது. குப்பை எடுக்க வந்த அம்மாளை வீட்டுக்காரர் சாட்சிக்குக் கூப்பிட்டார். "உன் வேலையில இவர் கை வெச்சாரே, நீயே சொல்லும்மா."

அந்த அம்மாள் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கோடு கோடாகத் தழும்பு. "பதினோரு வருஷமா இங்க கண்ணாடி குத்தாத வாரமே இல்லைங்க. இந்த ரெண்டு வாரமாத்தான் ஒரு கீறல் கூட இல்ல. யாரு பண்ணாங்களோ, நல்லா இருக்கணும்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் செருமிவிட்டு, "சரி, இருந்துட்டுப் போங்க" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. ஒன்பது நாட்டு முகங்கள் எனக்கு அத்துப்படி, அந்தக் கையை நேற்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஆனாலும் அக்கா, ஒரே ஒரு பட்டுவாடாவில் பதினான்கு வீட்டைத் திருத்தியது நான்தானே! ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் இதைத்தான் பேசப்போகிறேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் இருக்கிற வீட்டிலேயே நிம்மதியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி, உலகக் குடிமகன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் தம்பி பெண்டாட்டி இதை வாசித்துவிட்டாள். "ஒரு நாள் திருப்பி அனுப்பினா ஜனங்க திருந்திடுவாங்களாக்கும்! ரெண்டு வாரமா நீங்க எழுந்திருக்கறதுக்குள்ள கீழே போய் அத்தனையும் பிரிச்சு வெச்சது யாருன்னு நினைச்சீங்க? வீடு போயிடக் கூடாதேன்னுதான் செஞ்சேன்." ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா ஒன்பது நாட்டுக்கும் சொல்லுவீங்க" என்கிறாள். ஆகவே அக்கா, திருத்தியது 'நான்' என்று மேலே எழுதியிருக்கும் இடத்தில், 'உன் தம்பி பெண்டாட்டி' என்று மாற்றி வாசித்துக்கொள்ளவும்.