தொலையாதவரைக் கண்டுபிடித்தவர்

தொலையாத ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கிற இனம் ஒன்று நம் நடுவில் உலாவுகிறது. பார்த்திருப்பீர்கள். முகத்தில் பெரிய இரகசியம், வாயைத் திறந்தால் "இவங்களை உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்கிற ஆரம்பம். தெரியும் என்று சொல்லித் தொலைத்துவிடாதீர்கள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

நம் ஆள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். பழைய சாமான் கடையில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினார். அதற்குள் மாட்டியபடியே கிடந்த கேசட்டில் ஒரு பெண் நாட்டுப்பாட்டு பாடினாள். அட்டையில் பெயரும் முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய தேதியும் இருந்தன. அவ்வளவுதான், மனிதருக்குக் கால் தரையில் படவில்லை. வீட்டுக்கு ஓடி மனைவியிடம் சொன்னார்.

"யாரு, பெரியக்காவா? போன சனிக்கிழமைகூட மார்க்கெட் பின்னாடி பாடினாங்களே. வாரா வாரம் பாடுறாங்க. காய் வாங்கிட்டு அரைமணி நேரம் நின்னு கேட்டுட்டுதான் வருவேன்."

"பாடினாங்க, சரி. யாராவது கண்டுபிடிச்சாங்களா?"

"காணாமப் போனாத்தானேங்க கண்டுபிடிக்க?"

இந்த மாதிரிக் கேள்வி இந்த இனத்தின் காதில் விழாது. விழுந்தாலும் உள்ளே போகாது.

அன்று முதல் கடைக்கு வந்தவன் பாடு திண்டாட்டம். எழுத்து மங்குகிறது என்று வந்த கிழவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணில் சோதனைக் கண்ணாடியை மாட்டி, அதைக் கழற்றாமலே கேசட்டைத் தட்டிவிட்டு, தானும் கண்ணை மூடிக்கொண்டு, நல்ல இடம் வருவதற்கு முன்பே ஒரு விரலைத் தூக்கி, வந்ததும் "ஹா!" என்று அந்த நல்ல இடத்தை யாருக்கும் கேட்காமல் அடித்து, முடிந்ததும் "எப்படி?" என்பார். நன்றாக இருக்கிறது என்றால் போதாது. அழவேண்டும். கிழவருக்குக் கண்ணில் நீர் வந்தது; சோதனைக் கண்ணாடி அழுத்தியதால் வந்தது. அந்த டேப் ரெக்கார்டரில் வேறு கேசட் எதையும் கடைக்காரர் போட்டதில்லை. போட்டால் பெட்டிக்கு அவமரியாதையாம்.

மார்க்கெட்டுக்குப் போய் நேரில் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? அங்கே நிற்பவர்கள் தக்காளி வாங்க வந்தவர்கள் ஐயா! அதெல்லாம் கேட்டதாக ஆகுமா? பெரியக்காவைப் பேட்டி காண மட்டும் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனார். இவர் இரண்டு மணி நேரம் பேசினார். பெரியக்கா இரண்டு தடவை "சரி தம்பி" என்றார். பேட்டி முடிந்தது.

பிறகு ஒரு புத்தகம் போட்டார். பன்னிரண்டு பக்கம், இருநூறு பிரதி, தலைப்பு 'மின்னல் தொண்டை'. ஒரே மூச்சில் பதினான்கு சொல்! முப்பத்தாறு வயதுப் பெண்ணிடம் பத்து வயதுச் சிறுமியின் குரல்! உலகத்தில் எவருக்கும் வாய்க்காத வேகம்! இதை வெளியிட நூலக மாடியில் ஒரு கூட்டம், பெரியக்காவின் பாட்டோடு. இனி அந்த அம்மாளைப் பற்றி எவன் பேசினாலும் அடுத்த சொல்லாகத் தன் பெயரைச் சொல்லவேண்டும் என்பது அவர் ஆசை. அந்த மாலை சொதப்பினால்? மறுபடியும் வெறும் கண்ணாடிக் கடைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது நாற்காலியும் நிறைந்தது. பாதிப்பேர் மார்க்கெட் ஆட்கள், அவர் மனைவி கூட்டிவந்தவர்கள். கடைக்காரர் முக்கால் மணி நேரம் பேசினார். மார்க்கெட்டில் அறுபது பேருக்குப் பாடிப் பழகிய பெரியக்கா ஓரமாக உட்கார்ந்து கொட்டாவியை முந்தானையால் மறைத்தார். கடைசியில் பறையோடு கொழுந்தனார் பக்கத்தில் வர, எழுந்து பாடினார்.

கனத்த குரல். அவசரமே இல்லை. ஒவ்வொரு சொல்லும் நிதானமாக வந்து உட்கார்ந்து, நம்மைப் பார்த்துவிட்டுப் போயிற்று. கூட்டம் அசையவில்லை. கடைக்காரருக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. பதினான்கு சொல் எங்கே? மின்னல் எங்கே? இருநூறு பிரதி மேசை மேல் அடுக்கியிருக்கிறதே!

எழுந்துவிட்டார். "அக்கா, ஒரு நிமிஷம். இது மூலம் இல்லையே. மூலத்துல இன்னும் வேகமா இருக்கும்."

"மூலமா? பாடினது நான்தானே தம்பி?"

"வயசாச்சுல்லக்கா, மறந்திருக்கும். இதோ பாருங்க." பெட்டியை மேசையில் வைத்துத் தட்டிவிட்டார்.

கீச்சுக்கீச்சென்று குரல் பறந்தது. பெரியக்கா வாயைப் பிளந்து கேட்டார். "அடப்பாவி, யாரு இந்தச் சுண்டெலி?"

கொழுந்தனாருக்குத் தொழில் ரேடியோ ரிப்பேர். பெட்டியருகே குனிந்தார். "அண்ணி, இது நீங்கதான். மோட்டார்தான் தலைதெறிக்க ஓடுது. சின்ன ஸ்க்ரூடிரைவர் இருக்கா யார்கிட்டயாவது?"

யாரிடம் இருக்கும்? கண்ணாடிக் கடைக்காரர் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தார். கொழுந்தனார் முதுகுமூடியைக் கழற்றி, மோட்டாரிலிருந்த குட்டித் திருகை மெல்லத் திருப்பினார். சுண்டெலி இறங்கியது. சிறுமி இறங்கினாள். இன்னும் கொஞ்சம் திருப்ப, முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய பெரியக்கா கனத்த குரலில் நிதானமாகப் பாடினார். மார்க்கெட் கூட்டம் சிரித்த சிரிப்பில் கீழே படித்துக்கொண்டிருந்தவர்கள் மேலே ஓடிவந்தார்கள்.

"ஏங்க, உட்காருங்க," என்றார் மனைவி.

உட்காருவாரா? இந்த இனம் லேசில் சாகாது. மைக்கைப் பிடித்தார். "நண்பர்களே! முப்பத்தைந்து வருஷமா மறைஞ்சு கிடந்த உண்மையான குரலை, இன்னைக்கு, இந்த மேடையில, நம்ம ஸ்க்ரூடிரைவரால கண்டுபிடிச்சிருக்கோம்!"

"கண்டுபிடிச்சது இருக்கட்டும் தம்பி," என்றார் பெரியக்கா, மைக்கை வாங்கிக்கொண்டு. "பாட்டு பாதியில நிக்குது."

மீதியைப் பாடினார். மேசை மேல் இருந்த இருநூறு பிரதியை யாரும் தொடவில்லை. 'மின்னல் தொண்டை' இரண்டாம் பதிப்பு, திருத்தியது, அச்சில் இருப்பதாகக் கேள்வி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். படித்து முடித்த கையோடு பக்கத்தில் இருப்பவரைத் தட்டி, "ஒருத்தன் ஒண்ணு எழுதியிருக்கான், உனக்குத் தெரிஞ்சிருக்காது" என்று தொடங்கப்போகிறீர்கள் அல்லவா? அதற்கு முன் அவர் முகத்தை ஒரு தடவை பாருங்கள். அவர் இதை நேற்றே படித்துவிட்டு, உங்களுக்குச் சொல்லத்தான் காத்திருக்கிறார்.